118 ஒலிநாடாக்களும் முதல் வெளிவன்தட்டும்

அப்பா ஊர்க்கோயில் திருவிழாக்களில் பதிவுசெய்த நாதஸ்வரக் கச்சேரிகள் 118 ஒலிநாடாக்களில் இருந்தன. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கடற்பக்க அறையில், அலுமாரிக்குள் கிடந்த அந்த நாடாக்கள் சிலவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. வேறு சிலவற்றில் நாடாவை ஒலிமுனையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு கழன்றிருந்தது. இரண்டு வருடங்களாக ஓய்வு கிடைத்த இரவுகளில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணிம (டிஜிட்டல்) கோப்புகளாக்கி முடித்தபோது, எல்லாம் ஒரேயொரு மடிக்கணினிக்குள் இருந்தன. அந்த மடிக்கணினி 2013இல் வாங்கியது. மின்கலம் செத்து மூன்று வருடங்களாகின்றன. சுவரிலிருந்து செருகியைக் கழற்றினால் அதே கணத்தில் அணைந்துவிடும். ஆகவே முதன்முறையாக ஒரு வெளிவன்தட்டு, அதாவது கணினிக்கு வெளியே வடத்தால் இணைக்கும் ஹார்ட் டிஸ்க், வாங்கத் தீர்மானித்தேன். வாங்கிய நாள் முதல் நடந்தவற்றை, இடையில் நான் விட்ட பிழைகளையும் சேர்த்து, குறிப்பேட்டிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் கணக்குப் பார்த்தேன். விநாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள் என்ற இறுவட்டு (சிடி) தரத்தில், அமுக்காமல் சேமித்தால், 90 நிமிட நாடா ஒன்று ஏறத்தாழ 950 மெகாபைட் பிடிக்கும். 118 நாடாக்களுக்கும் 112 ஜிகாபைட். இருபது வருடப் புகைப்படங்கள், தங்கையின் கல்யாண வீடியோ, பழைய அலுவலகக் கோப்புகள் ஆகியவற்றையும் கூட்டியபோது 640 ஜிகாபைட் வந்தது. ஒரு டெராபைட் போதும்போலத் தோன்றினாலும், வன்தட்டை விளிம்புவரை நிரப்பி வைப்பது நல்லதல்ல என்பதாலும் விலை வித்தியாசம் அதிகமில்லை என்பதாலும் 2 டெராபைட்டையே தெரிந்தெடுத்தேன். நான்கு, ஐந்து டெராபைட் வன்தட்டுகளும் கடைகளில் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்று போனால் போவதும் அத்தனை பெரிதாகவே இருக்கும். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் 2 டெராபைட்டில் இரண்டு வாங்கலாம். இரண்டாவது ஒன்று எப்படியும் தேவைப்படும் என்பது அப்போதே மனதில் இருந்தது.

எந்த வகை என்பதில் அதிக குழப்பம் இருக்கவில்லை. 3.5 அங்குல மேசை வன்தட்டுக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், 2.5 அங்குல வன்தட்டு யூஎஸ்பி வடத்திலிருந்தே மின்னை எடுத்துக்கொள்ளும். அசையும் உறுப்புகள் இல்லாத எஸ்எஸ்டி கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வேகமும் பல மடங்கு. ஆனால் ஒரு ஜிகாபைட்டுக்கான விலை அதிகம் என்பது ஒருபுறமிருக்க, அது தரவை மின்னேற்றமாகச் சேமிப்பதால் மின் தொடர்பே இல்லாமல் வருடக்கணக்கில் அலுமாரியில் கிடப்பதற்கு ஏற்றதல்ல. தினமும் பையில் கொண்டு திரிபவர் எஸ்எஸ்டி வாங்கட்டும். என் தேவை மாதத்தில் ஒருமுறை எடுத்து எழுதிவிட்டுத் திரும்ப வைப்பது. அதற்குக் காந்தத் தட்டு சுழலும் பழைய வகையே போதும்.

அந்தப் பழைய வகைக்குள்ளும் ஒரு சங்கதி இருக்கிறது. கடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. இன்று விற்கப்படும் 2 டெராபைட்டும் அதற்கு மேற்பட்டதுமான 2.5 அங்குல வெளிவன்தட்டுகளில் பெரும்பாலானவை, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதுகின்றன. ஓட்டுக் கூரையை நினைத்துக்கொண்டால் விளங்கும். கீழ்வரிசை ஓடொன்றை மாற்றவேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்து மீண்டும் அடுக்கவேண்டும். பெரிய கோப்புகளை வரிசையாக எழுதி வைக்கும்போது இதனால் பாதகமில்லை; சிறு சிறு கோப்புகளை அடிக்கடி அழித்து எழுதினால் வேகம் நொண்டத் தொடங்கும். நேரடியாக அதிலிருந்தே மென்பொருள் இயக்குவது, திரைப்படம் தரவிறக்குவது போன்ற வேலைகளுக்கு இதைப் பயன்படுத்துவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். பெட்டியின் மேல் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும், உள்ளேயுள்ள வன்தட்டைச் செய்பவை இன்று உலகில் மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பெயரைப் பார்த்து நீண்ட நேரம் யோசிக்க நான் மினக்கெடவில்லை.

சனிக்கிழமை காலை 101 பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போய் யூனிட்டி பிளாசாவில் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். வாங்கிய இடத்தில் இருந்த இளைஞரிடம், பெட்டியில் இருக்கும் தொடரிலக்கத்தையும் வன்தட்டின் அடியில் இருக்கும் தொடரிலக்கத்தையும் ஒப்பிட்டுக் காட்டச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே காட்டிவிட்டு, "அங்கிள், மூண்டு வருஷம் வொறன்ரி. ஆனா விழுத்தினா, உடைச்சுப் பாத்தா வொறன்ரி இல்லை. உள்ள இருக்கிற டேட்டாவுக்கும் நாங்கள் பொறுப்பில்லை" என்றார். அந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லாவிட்டாலும் எல்லா உத்தரவாதப் பத்திரங்களிலும் அது இருக்கிறது: பழுதானால் புதிய வன்தட்டு தருவார்கள், உள்ளே இருந்ததைத் தரமாட்டார்கள். தொடரிலக்கத்தைப் பற்றுச்சீட்டிலும் எழுதுவித்து வாங்கிக்கொண்டேன். பற்றுச்சீட்டு வெப்பத்தாளில் அச்சிடப்பட்டிருந்தது. கொழும்பு வெக்கையில் ஒரு வருடத்துக்குள் எழுத்து மங்கிவிடும் என்பதால் அன்றே படமெடுத்து வைத்தேன்.

அன்று மாலை கொட்டாஞ்சேனையிலிருந்து தங்கையின் மகன் தன் புதிய மடிக்கணினியோடு வந்திருந்தான். அவனுடைய கணினியில்தான் முதற் சோதனைகளைச் செய்தோம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். பார்க்க வேண்டியவை ஐந்துதான். இயங்கிய மணிநேரம் புதிய வன்தட்டில் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரோ பாவித்ததை நமக்கு விற்றிருக்கிறார்கள். 05 என்ற வரி, பழுதாகிப் பதிலிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்ற வரி, வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். சி6, திருத்த முடியாதவை. சி0, முறையாக நிறுத்தாமல் திடீரென மின் போன தடவைகள். என் வன்தட்டில் எல்லாமே சுழியம். குறிப்பேட்டில் முதல் வரியாக அதை எழுதினேன்.

விண்டோஸ் 1.81 டெராபைட் என்று காட்டியதைப் பார்த்து மருமகன் என்னைப் பார்த்தான், ஏமாற்று எதுவுமில்லை. தயாரிப்பாளர் 2 டெராபைட் என்பது 2,000,000,000,000 பைட். விண்டோஸ் ஒவ்வொரு படியிலும் ஆயிரத்துக்குப் பதிலாக 1,024ஆல் வகுப்பதால் அது 1.81 ஆகிறது. உண்மையான ஏமாற்று வேறு. பெரிய கொள்ளளவைக் காட்டும்படி உள்மென்பொருளை மாற்றிய போலிகள் பென்டிரைவ்களில் சாதாரணம், வெளிவன்தட்டுப் பெட்டிகளிலும் வருவதுண்டு. அவை சொன்ன அளவைக் காட்டும், எழுதவும் விடும், ஆனால் உள்ளே இருக்கும் உண்மையான இடம் முடிந்ததும் எழுதியவற்றின் மேலேயே எழுதும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி முழுவதையும் நிரப்பி முழுவதையும் திருப்பி வாசிப்பதுதான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய ஜெர்மன் மென்பொருள் அதைச் செய்கிறது: ஒழுங்கற்ற எண்களால் ஆன 1 ஜிகாபைட் கோப்புகளை இடம் முடியும்வரை எழுதிவிட்டு, பின்னர் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கும். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது மறுநாள் காலை பத்து மணிக்குச் சற்று முன்னர்தான் முடிந்தது. வாசிப்பின் தொடக்கத்தில் விநாடிக்கு 128 மெகாபைட்டாக இருந்த வேகம் இறுதியில் 62ஆகக் குறைந்ததைப் பழுது என்று எண்ணக்கூடாது. தட்டின் வெளிவட்டத்தில் ஒரு சுற்றுக்குள் அதிக தரவு கடந்துபோகும், உள்வட்டத்தில் குறைவாகக் கடக்கும். வன்தட்டு வெளியிலிருந்து உள்நோக்கியே நிரம்புகிறது. பிழை ஒன்றும் இல்லை. 05, சி5 இரண்டும் இன்னமும் சுழியம்.

புதிதாக வாங்கும் எவரும் இந்த ஓர் இரவை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தயாரிப்பிலேயே குறையுள்ள வன்தட்டு பெரும்பாலும் முதல் நாட்களிலேயே அதைக் காட்டிவிடும். அப்போது அதற்குள் நம்முடைய எதுவும் இருக்கக்கூடாது.

அடுத்து நான் விட்ட முதற் பிழை. தங்கையின் மகளிடம் மாக் கணினி இருக்கிறது. விண்டோஸ் வழமையாகப் பாவிக்கும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு வடிவிலுள்ள வன்தட்டை மாக் கணினி வாசிக்கும், எழுதாது. இரண்டிலும் எழுத வசதியாக இருக்கட்டும் என்று எக்ஸ்ஃபாட் வடிவில் விரைவு ஃபார்மெட் செய்தேன். இதன் விளைவு ஐந்து நாட்களின் பின் தெரிந்தது.

திங்கட்கிழமை பழைய மடிக்கணினியில் இணைத்தேன். அதன் துளைகளில் ஒன்று மட்டும் உள்ளே நீல நாக்கு உள்ள யூஎஸ்பி 3.0, அதில் ஒலிப்பதிவுக் கருவி செருகியிருந்தபடியால், கறுப்புத் துளையில் (யூஎஸ்பி 2.0) இருந்த, ஒரு துளையைப் பலவாக்கும் சிறு ஹப் ஒன்றின் வழியாக வன்தட்டை இணைத்தேன். விளக்கு எரிந்தது. உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் மெல்லிய முனகல் கேட்டது; பிறகு ஒரு 'டிக்'; முனகல் அடங்கியது; மீண்டும் தொடங்கியது; மீண்டும் 'டிக்'. நேற்றுவரை நன்றாக இருந்ததற்கு இன்று உயிர் போகிறது என்றே நினைத்தேன். கழற்றி, மூச்சு விட்டு, யோசித்தபோது காரணம் எளிதாக இருந்தது. யூஎஸ்பி 2.0 துளை தரவேண்டியது 500 மில்லியம்பியர், 3.0 துளை 900. நின்றிருக்கும் தட்டை நிமிடத்துக்கு 5,400 சுற்று வேகத்துக்குக் கொண்டுவரும் அந்தச் சில விநாடிகளில் வன்தட்டு ஏறத்தாழ ஓர் அம்பியர் வரை இழுக்கக்கூடும். அந்த ஹப்புக்குச் சொந்தமான மின்வழங்கல் இல்லை. கிடைத்த 500ஐயும் மவுஸ், விசைப்பலகையோடு பங்குபோட்டுக்கொண்டிருந்தது. தட்டு வேகமெடுக்கும், மின் போதாது, எழுதுமுனை ஒதுங்கும், மீண்டும் தொடங்கும். ஹப்பை எறிந்துவிட்டு நீலத் துளையிலேயே நேரடியாகச் செருகியதும் ஒரே மூச்சில் எழுந்தது. ஸ்மார்ட் குறிப்பில் சி0 மட்டும் சுழியத்திலிருந்து 6ஆக உயர்ந்திருந்தது. அந்த ஆறும் நான் கொடுத்தவை.

'டிக்' சத்தம் கேட்டால் வன்தட்டு செத்தது என்று பலரும் சொல்வார்கள். நேரடித் துளையில், வேறொரு வடத்தில், வேறொரு கணினியில் இணைத்துப் பார்த்த பின்னும் அதே சத்தம் வந்தால் மட்டுமே அந்த முடிவுக்கு வரலாம். வந்துவிட்டால் மீண்டும் மீண்டும் இணைத்துப் பார்க்கவும் கூடாது. எழுதுமுனை தட்டின் பரப்பை ஒவ்வொரு தடவையும் கூடுதலாகக் கீறக்கூடும். உறைபெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்ற கதையை இங்கேயும் சிலர் நம்புகிறார்கள். நமது காற்றின் ஈரத்தில், உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்த எந்தப் பொருளின் மேலும் இரண்டு நிமிடத்தில் நீர் துளிர்ப்பதைப் பார்த்திருப்பவர்கள் அதை எப்படி நம்புகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொப்பி பண்ணத் தொடங்கியபோது வேகம் விநாடிக்கு 34 மெகாபைட்டில் நின்றது. நீலத் துளைதான், வடமும் வன்தட்டோடு வந்ததுதான். 34 என்பது யூஎஸ்பி 2.0 தரும் வேகம் என்பது துப்புக் கொடுத்தது. வன்தட்டுப் பக்கத்துச் செருகி அகலமானது. அருகருகே இரண்டு தலைகள் ஒட்டியதுபோல் இருக்கும். பெரிய தலையில் பழைய யூஎஸ்பி 2.0 ஊசிகள், சிறிய தலையில் அதிவேக ஊசிகள். வன்தட்டு மேசை விளிம்பிலிருந்து சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் வடத்தின் பாரம் செருகியை ஒரு பக்கமாகச் சாய்த்து, சிறிய தலை முழுதாக உள்ளே போகாமல் ஒரு நூல் அளவு வெளியே நின்றது. வன்தட்டு அணைவதும் இல்லை, பிழை சொல்வதும் இல்லை. சத்தமில்லாமல் மெதுவான வழிக்கு இறங்கிவிடுகிறது. முறையாக வெளியேற்றி, செருகியை இரு விரலால் நேராகப் பிடித்து 'கிளிக்' என்று உணரும்வரை தள்ளி, கணினிப் பக்கத்தில் தயங்காமல் ஒரே தடவையில் செருகியபோது வேகம் 110ஐத் தாண்டியது. கணினிப் பக்கச் செருகியை மெல்ல மெல்லத் தள்ளினாலும் இதே தொல்லை வரும், ஏனெனில் 2.0 ஊசிகள் முதலில் தொட்டுவிட, கணினி அதையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறது.

இந்தத் துளையைப் பற்றி இன்னுமொன்று. சில வெளிவன்தட்டுகளில் யூஎஸ்பி துளை தனியான இணைப்புப் பலகையில் இல்லாமல் வன்தட்டின் சொந்த மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்தகையதில் துளை ஆடி உடைந்தால், கூட்டைத் திறந்து வேறொரு பெட்டியில் போட்டு வாசிக்க வழியில்லை. ஆகவே வன்தட்டிலிருந்து வடத்தைத் தினமும் பிடுங்குவதை நிறுத்திவிட்டேன். வடம் வன்தட்டிலேயே இருக்கும். கழற்றுவது கணினிப் பக்கத்தில் மட்டும்.

வெள்ளிக்கிழமை மாலைதான் பெரிய இடி. மருமகன் போகும்போதே, "மாமா, கட் பண்ணாதேங்கோ, கொப்பி மட்டும் பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஆனால் மடிக்கணினியில் 9 ஜிகாபைட் இடமே மிஞ்சியிருந்தது. இடத்தை விடுவிக்கலாம் என்று ஒரு கோப்புறையை வெட்டி ஒட்டக் கொடுத்தேன். பாதி வழியில் மின் போனது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோதுகூட அதற்கொரு நேர அட்டவணை இருந்தது. நேரம் பார்த்துக் கணினியை அணைக்க முடிந்தது. இந்தத் திடீர் வெட்டு அப்படியல்ல. செத்த மின்கலத்தால் கணினியும், கணினியிலிருந்து மின்னெடுத்த வன்தட்டும் ஒரே கணத்தில் அணைந்தன. வன்தட்டு தன்னைக் காத்துக்கொண்டது: மின் போனதும் சுழலும் தட்டின் எஞ்சிய வேகத்திலிருந்தே மின்னைப் பெற்று எழுதுமுனையை ஒதுக்கிவிடும். சி0 7 ஆனது, வேறொன்றும் கெடவில்லை. கெட்டது கோப்புகளின் பதிவேடு.

எக்ஸ்ஃபாட் வடிவுக்கு நாட்குறிப்பு கிடையாது. என்டிஎஃப்எஸ் ஒரு மாற்றத்தைச் செய்யுமுன் செய்யப்போவதை ஓரிடத்தில் எழுதிவைக்கும். நடுவில் மின் போனால், அடுத்த தடவை அதைப் பார்த்து முடிக்கும் அல்லது பழையபடி விடும். ஓடிக்கொண்டிருந்த கோப்பு போகலாம், ஆனால் கோப்புறைகளின் அமைப்பு குலையாது. எக்ஸ்ஃபாட் பாதி எழுதிய பதிவேட்டோடு அப்படியே நின்றுவிட்டது. மின் வந்ததும் திறந்தால் அந்தக் கோப்புறை வெறுமையாக இருந்தது. மடிக்கணினியில் மூன்று கச்சேரிகள் ஏற்கனவே அழிந்திருந்தன, வன்தட்டிலும் இல்லை.

அந்த வன்தட்டில் அதன்பின் ஓர் எழுத்தும் எழுதவில்லை. 'பிழை திருத்தவா' என்று விண்டோஸ் கேட்டதற்கும் இல்லை என்றேன், ஏனெனில் திருத்தமும் ஓர் எழுத்துத்தான். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பதிவேட்டை நம்பாமல் தட்டின் பரப்பை நேரடியாக வாசித்து, கோப்புகளின் தலைப்பகுதியை அடையாளம் கண்டு எடுத்துத் தரும். ஒலிக்கோப்பின் தலைப்பில் அதன் நீளமும் எழுதியிருப்பது இதற்கு உதவி. புதிதாக ஃபார்மெட் செய்த வன்தட்டில் கோப்புகள் துண்டாகாமல் தொடர்ச்சியாகவே கிடப்பதும் உதவி. மீட்டதை வேறொரு பென்டிரைவில் எடுத்தேன். மீட்கும் வன்தட்டிலேயே எழுதினால் மீட்க வேண்டியதன் மேல் எழுதுவதாகிவிடும். பெயர் போயிருந்தாலும் இரண்டு கச்சேரிகள் முழுதாக வந்தன. மூன்றாவதில் 31 நிமிடம்வரை தோடி ஆலாபனை. அதற்குப்பின் காதைக் கிழிக்கும் இரைச்சல், முழு ஒலியளவில், முடிவுவரை. முதலில் பழுதென்று நினைத்தேன். பின்னர்தான் விளங்கியது: மின் போனபோது எழுதப்படாமல் மிஞ்சிய இடத்தில், சோதனை இரவில் எச்2டெஸ்ட்டபிள்யூ நிரப்பிய ஒழுங்கற்ற எண்கள் அப்படியே கிடந்தன. விரைவு ஃபார்மெட் எதையும் அழிப்பதில்லை, பதிவேட்டை மட்டும் வெறுமையாக்குகிறது. நான் கேட்டது அந்த எண்களின் ஓசை.

அந்த நாடா நல்லவேளையாக எறியப்படாமல் இருந்தது. பூஞ்சை பிடித்த கூட்டைத் திருகாணி கழற்றித் திறந்து, சுருள் இரண்டையும் வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றி, மிகுதியை மறுபடி பதிவுசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அதன்பின் வன்தட்டை என்டிஎஃப்எஸ் வடிவில் மறுபடி ஃபார்மெட் செய்தேன். மருமகளின் மாக் கணினி வாசித்தால் போதும். மடிக்கணினிக்கு, மின் போனாலும் சற்று நேரம் மின் கொடுக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது. வெட்டி ஒட்டுவதை அடியோடு விட்டேன்.

கொப்பி செய்தது சரிதானா என்று பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எழுதி முடித்த உடனே ஒப்பிட்டால், விண்டோஸ் சில கோப்புகளை வன்தட்டிலிருந்து வாசிக்காமல் தன் நினைவகத்தில் மிஞ்சியிருக்கும் பிரதியிலிருந்தே எடுத்துக்கொடுக்கும். நாம் ஒப்பிடுவது மூலத்தை மூலத்தோடேயே ஆகிவிடும். ஆகவே முறையாக வெளியேற்றி, கழற்றி, மறுபடி இணைத்த பின்னரே ஃப்ரீஃபைல்சிங்க் மென்பொருளில் உள்ளடக்க ஒப்பீடு செய்கிறேன். நேரம் எடுக்கும், இரவில் ஓடட்டும்.

வெக்கையும் ஈரமும் எங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லைகள். எடுத்துச்செல்லும் வன்தட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் அறைவெப்ப எல்லை 35 பாகை. சித்திரை மாதத்தில் என் அறையே 31, 32இல் நிற்கும். மெத்தையின் மேல் வைத்து எழுதியபோது வன்தட்டின் வெப்பம் 51 பாகை காட்டியது. தரையின் ஓட்டுக்கல்லில் வைத்தபோது அதே வேலைக்கு 43. விசிறி எதுவும் தேவைப்படவில்லை. ஈரம் அப்படி எளிதல்ல. கடலோரச் சாலையான மரைன் டிரைவுக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சாவிக்கொத்தும் மின்விசிறியின் திருகாணிகளும் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று. சாதாரண வன்தட்டு காற்றுப்புகாதபடி அடைக்கப்பட்டதல்ல. உள்ளழுத்தத்தைச் சமப்படுத்த வடிகட்டியோடு கூடிய சிறு துவாரம் ஒன்று அதற்கு உண்டு. தூசியை வடிகட்டி தடுக்கும், ஈரத்தை முற்றாகத் தடுக்காது. ரப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு அதற்குள் வைக்கிறேன். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். குளிரூட்டிய காரிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ கொண்டுவந்தால், பையைத் திறக்காமலே அரை மணிநேரம் வைத்து அறை வெப்பத்துக்கு வந்தபின்தான் இணைப்பேன்.

சுழலும்போது அசைக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியேற்றக் கட்டளை கொடுத்த உடனேயே கையில் தூக்குவதும் அதே பிழை என்பது பலருக்குத் தெரிவதில்லை. இயங்கும் நிலையில் வன்தட்டு தாங்கும் அதிர்ச்சி, ஓய்வில் தாங்குவதில் பாதிக்கும் குறைவு. கட்டளை கொடுத்தபின் விரலை மேலே வைத்தால் உள்ளே சுழற்சி தணிவது தெரியும். அது முற்றாக அடங்கப் பத்து விநாடிவரை ஆகிறது. விண்டோஸ் 10இன் 2018 இறுதிப் பதிப்பிலிருந்து, கட்டளை இல்லாமலே கழற்றலாம் என்ற அமைப்பு இயல்பாக இருக்கிறது என்பது உண்மைதான். அது தரவைப் பற்றியது. சுழலும் தட்டுக்கு அது பொருந்தாது.

மூன்று மாதம் கழித்து, வேறொரு நிறுவனத்தின் 2 டெராபைட் வன்தட்டு ஒன்றை வேறொரு கடையில் வாங்கி, அதற்கும் அதே ஓரிரவுச் சோதனையைச் செய்தேன். ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஒரே காலத்தில் பழுதாகும் வாய்ப்பைத் தவிர்க்கவே இந்த வேற்றுமை. ஒன்று இங்கே, மற்றது கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டு அலுமாரியில். மாதத்தின் முதல் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போகும்போது புதிதாக எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கிருப்பதைக் கொண்டு வருவேன். பஸ்ஸில் போகும் பொருள் என்பதால், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் வெராகிரிப்ட் மென்பொருளில் கடவுச்சொல் போட்ட ஒரு கொள்கலக் கோப்புக்குள் வைத்திருக்கிறேன். கச்சேரிகளுக்குப் பூட்டு இல்லை. கடவுச்சொல் தங்கையிடமும் ஒரு தாளில் இருக்கிறது.

சென்ற ஞாயிறு முதல் வன்தட்டு மறுபடி என் முறைக்கு வந்தது. இயங்கிய நேரம் 214 மணி, அதிகபட்ச வெப்பம் 51; 05, சி5, சி6 மூன்றும் சுழியம்; சி0 இன்னமும் 7இல் நிற்கிறது.